ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்தால்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

கம்ப்யூட்டர் திடீரென்று தவழ ஆரம்பிக்கிறது. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் மேலே ஓடும் பச்சைக் கோடு பாதியில் நின்றுவிடுகிறது. இல்லையென்றால் எக்ஸ்டர்னல் டிரைவைச் செருகியதும் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கிறது. இந்த நிலையில் பலரும் இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் படும் செக்டிஸ்க் கட்டளையை (விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் பழுது பார்க்கும் கருவி) ஓட்டிவிடுகிறார்கள்.

கருவி சரியானதுதான், வரிசைதான் தப்பு. முதலில் டிஸ்கின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். அடுத்து உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். பழுது பார்ப்பது அதற்கும் பிறகுதான். பழுது பார்க்கும் எந்தக் கருவியும் டிஸ்கில் எழுதும். ஃபைல் அட்டவணையை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை, ஒழுங்குபடுத்துவதுதான் அதன் வேலை. உங்கள் கல்யாணப் போட்டோக்களைக் காப்பாற்றுவது அதன் பொறுப்பில் இல்லை.

விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காலியான இன்னொரு டிரைவ் வேண்டும். பழைய டிஸ்க் 1 டிபி என்றால் இதில் குறைந்தது 1 டிபி காலி இடம் இருக்க வேண்டும், 2 டிபி இருந்தால் இன்னும் நிம்மதி. உள்ளே 200 ஜிபிதான் இருக்கிறது என்று கணக்குப் போட்டு சின்ன டிரைவை வாங்கிவிடாதீர்கள். டிஸ்க் மோசமாக இருந்தால் முழு டிஸ்கையும் செக்டர் செக்டராக (செக்டர் என்பது டிஸ்கில் தரவு எழுதப்படும் சின்னஞ்சிறு கட்டம்) நகலெடுக்க வேண்டிவரும். அதற்கு முழு அளவு இடமும் தேவை.

டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை இப்போதே எடுத்து வையுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க், நாம் கேட்காமலேயே பூட்டப்பட்டிருக்கும். கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் மறந்துபோனவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

கழற்றிய சாட்டா டிஸ்கை (சாட்டா என்பது கம்ப்யூட்டருக்குள் டிஸ்கை மாட்டும் ஒரு இணைப்பு வகை) இணைக்க ஒரு யூஎஸ்பி கேபிள், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவ், டிஸ்க் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஆகியவையும் வேண்டும். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் அவசியம். பல மணி நேரம் ஓடும் வேலையின் நடுவில் கரண்ட் போனால், இருந்த கோளாறோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

2. காது கொடுத்துக் கேளுங்கள்

சுழலும் தட்டுள்ள பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் முதல் சோதனை காதில்தான். ‘டக்... டக்... டக்’ என்று ஒரே சீராகத் தட்டும் சத்தமோ, உரசும் சத்தமோ, சுழல முயன்று நின்றுபோகும் ‘பீப்’ சத்தமோ வந்தால் உடனே கரண்டை நிறுத்துங்கள்.

படிக்கும் முனை பழுதாகியிருக்கலாம், தட்டில் உரசவும் செய்யலாம். டிஸ்க் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தரவு சுரண்டப்படலாம். இந்த நிலையில் எந்த மென்பொருளும் உதவாது. தரவு முக்கியம் என்றால் அதைத் தூசியில்லாத அறையில் திறந்து மீட்கும் நிறுவனத்திடம் போக வேண்டியதுதான். ஃப்ரிட்ஜில் வைப்பது, திறந்து பார்ப்பது, தட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும். அந்த டிஸ்கை அப்புறம் மீட்பு நிறுவனமும் கைவிட்டுவிடலாம்.

சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சத்தமே கிடையாது. பல நேரம் முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் காலையில் விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் திரையிலேயே தெரியாமல் போய்விடும். பேக்கப் எடுப்பதைத் தள்ளிப்போட எஸ்எஸ்டிக்காரர்களுக்கு இன்னும் குறைவான உரிமைதான் இருக்கிறது.

3. டிஸ்கைச் சந்தேகிக்கும் முன் கேபிளைச் சந்தேகியுங்கள்

இரண்டு நிமிட வேலை. பலர் இதைத் தாண்டிப் போய், நல்ல டிஸ்கைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

எக்ஸ்டர்னல் டிரைவ் என்றால் வேறு கேபிள், வேறு போர்ட் மாற்றிப் பாருங்கள். யூஎஸ்பி ஹப் வழியாகவோ, டெஸ்க்டாப்பின் முன்பக்கப் போர்ட்டிலோ செருகியிருந்தால் பின்பக்கம் நேரடியாகச் செருகுங்கள். 2.5 அங்குல டிஸ்க் தனக்கு வேண்டிய 5 வோல்ட்டை யூஎஸ்பியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும். சுழல ஆரம்பிக்கும்போது அது போதாமல் டிஸ்க் இணைந்தும் விலகியும் விளையாடும். 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும் என்பதால் தனி அடாப்டர் இல்லாமல் அது ஓடவே ஓடாது.

உள்ளே மாட்டிய சாட்டா டிஸ்க் என்றால் கரண்டை அணைத்துவிட்டு இரண்டு முனைகளையும் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். டேட்டா கேபிளை மாற்றிப் பார்ப்பதும் நல்லது.

4. ஸ்மார்ட் அட்டவணையைப் படியுங்கள்

ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. அதற்குப் பெயர் ஸ்மார்ட். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தால் நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். நிறத்தை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள், கீழே இருக்கும் அட்டவணைதான் விஷயம்.

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் அட்டவணையின் கடைசி நெடுவரிசை. அதில் மூல மதிப்பு பதினாறு அடிமான எண்ணில் இருக்கும். 18 என்று தெரிந்தால் உண்மையில் அது 24. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதற்குள் ரா வேல்யூஸ் போய் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டு பாருங்கள்.

பார்க்க வேண்டிய வரிகள் நான்கு. முதலாவது 05. இது கெட்டுப்போனதால் ஒதுக்கிவைத்து, உபரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. அடுத்தது சி5. டிஸ்கால் படிக்க முடியாமல், கெட்டதா நல்லதா என்று முடிவாகாமல் காத்திருக்கும் செக்டர்கள் இவை. சி6 என்பது டிஸ்க் தன்னைத்தானே சோதித்தபோது மீட்க முடியாமல் போனவை. கடைசியாக சி7, டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த கணக்கு.

இவற்றில் சி7 மட்டும் ஏறியிருந்தால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது, மேலே ஏறாமல் நின்றால் போதும்.

சி5 பூஜ்யமாக இல்லையென்றால் அத்தனை செக்டர்களில் இருந்ததை இப்போது படிக்க முடியவில்லை என்று அர்த்தம். அதன்மேல் புதிதாக ஏதாவது எழுதும்போதுதான் டிஸ்க் முடிவெடுக்கும். எழுத முடிந்தால் எண் குறையும், முடியாவிட்டால் அந்த செக்டர் 05 கணக்குக்குப் போகும். அதனால்தான் காப்பி எடுக்கும் முன் எதையும் எழுதக் கூடாது என்கிறேன்.

05 வரியில் சின்ன எண் மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் டிஸ்க் இன்னும் சில காலம் ஓடலாம். போன வாரம் 8, இந்த வாரம் 40 என்றால் நாள் எண்ணப்படுகிறது. எண்ணைவிட அது ஏறும் வேகம்தான் முக்கியம். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

சீகேட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் 01, 07 வரிகளில் கோடிக்கணக்கில் எண் இருப்பதைப் பார்த்துப் பதறுவார்கள். அந்த நிறுவனம் பிழைகளையும் மொத்தச் செயல்களையும் ஒரே எண்ணில் அடைத்துவைக்கிறது. அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டிக்கு அட்டவணை வேறு. அதில் எவ்வளவு ஆயுள் செலவாகியிருக்கிறது, உபரி இடம் எத்தனை சதவீதம் மிச்சம், தரவுச் சிதைவுப் பிழைகள் எத்தனை என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றாவது பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும்.

எக்ஸ்டர்னல் டிரைவில் அட்டவணையே வரவில்லையா? அதன் யூஎஸ்பி சர்க்யூட் அந்தத் தகவலை விடுவதில்லை என்று பொருள். அதை வைத்து டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

5. காப்பி எடுப்பது

முதலில் மறுக்க வேண்டியவற்றை மறுத்துவிடுங்கள். ‘ஃபார்மேட் செய்யவா?’ என்றாலும் சரி, ‘ஸ்கேன் செய்து சரிசெய்யவா?’ என்றாலும் சரி, கேன்சல்தான். இந்த இரண்டு பெட்டிகளிலும் பழக்கதோஷத்தில் ஓகே அழுத்தியவர்கள் நிறையப் பேர்.

ஸ்மார்ட் அட்டவணை சுத்தமாக இருந்தால் சாதாரண காப்பி போதும். கட் செய்து ஒட்டாதீர்கள், காப்பி மட்டும். திரும்ப உருவாக்க முடியாத போட்டோ, பத்திரங்களின் ஸ்கேன், கணக்கு ஃபைல்கள் முதலில் போகட்டும். சினிமாவும் இன்ஸ்டால் ஃபைல்களும் கடைசியில்.

சி5 ஏறியிருந்தால் எக்ஸ்ப்ளோரரை நம்ப வேண்டாம், ஒரு கெட்ட ஃபைலில் மாட்டி மொத்தமும் நின்றுவிடும். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளையும் அப்படியே விட்டால் ஆபத்துதான். ஒரு ஃபைலைப் படிக்க முடியாவிட்டால் 30 விநாடி இடைவெளியில் 10 லட்சம் முறை மறுபடி முயலும்படிதான் அது வருகிறது. முயற்சியையும் காத்திருப்பையும் 1 என்று குறைத்துக்கொடுத்துப் பயன்படுத்துங்கள்.

இதைவிட நல்ல வழி, லினக்ஸில் உள்ள ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை பென் டிரைவில் ஏற்றினால் இந்தக் கருவி அதிலேயே இருக்கும். இது ஃபைல்களைப் பார்க்காது, முழு டிஸ்கையும் நகலெடுக்கும். கெட்ட இடம் வந்தால் அங்கே மல்லுக்கட்டாமல் தாண்டிப்போய், சுலபமாகக் கிடைப்பதையெல்லாம் முதலில் வாரிக்கொள்ளும். கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். சாகக் கிடக்கும் டிஸ்குக்கு இந்த வரிசைதான் வேண்டும். டிஸ்க் நடுவில் செத்தாலும் பெரும்பகுதி வெளியே வந்திருக்கும்.

இதற்கு மூன்று விஷயங்களைக் கொடுக்க வேண்டும்: முதலில் பழைய டிஸ்க், அடுத்து நகல் போக வேண்டிய இடம், மூன்றாவதாக மேப் ஃபைலின் பெயர். மூன்றாவதை விடாதீர்கள். எதுவரை படித்தோம் என்ற குறிப்பு அதில்தான் இருக்கிறது. அது இருந்தால் இடையில் நிறுத்தி, டிஸ்க் சூடு ஆறியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த ஃபைலைப் பென் டிரைவிலோ புது டிரைவிலோ சேமியுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸின் தற்காலிக நினைவகத்தில் விட்டால் ரீஸ்டார்ட்டோடு போய்விடும்.

மூலமும் இலக்கும் இடம் மாறினால் காலி டிரைவ் உங்கள் தரவின்மேல் எழுதப்படும். அப்புறம் அழுது பயனில்லை. லினக்ஸில் டிஸ்க் பெயர் ஒவ்வொரு முறையும் மாறலாம். அதனால் பெயரை நம்பாமல் டிஸ்கின் மேல் ஒட்டியுள்ள சீரியல் எண்ணைத் திரையில் தெரிவதோடு ஒப்பிட்டுவிட்டு என்டர் தட்டுங்கள்.

தவறுதலாக அழித்த ஃபைலை மீட்க வேண்டியிருந்தால் மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். எதன்மேல் எழுதுகிறதோ அது போயிற்று. எஸ்எஸ்டியில் ட்ரிம் என்ற வசதி அழித்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடுவதால் அங்கே மீட்கும் வாய்ப்பு மிகவும் குறைவு.

6. டிஸ்க் மேனேஜ்மென்ட் சொல்வதைப் புரிந்துகொள்வது

விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் வரும் மெனுவில் டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கும். எக்ஸ்ப்ளோரரில் தெரியாத டிஸ்க் இங்கே தெரியலாம்.

டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால் கவலையில்லை. ரைட் கிளிக் செய்து ஒரு எழுத்தைக் கொடுத்தால் முடிந்தது. ஆஃப்லைன் என்று இருந்தால், க்ளோன் செய்த (முழு டிஸ்கையும் அச்சாக நகலெடுத்த) இரண்டு டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் மாட்டப்பட்டிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவைக்கும்.

ரா என்று காட்டினால் பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி) இருக்கிறது, அதன் ஃபைல் அட்டவணை சிதைந்திருக்கிறது, அல்லது விண்டோஸுக்குப் புரியாத வகை, மேக்கிலோ லினக்ஸிலோ ஃபார்மேட் செய்தது. செக்டிஸ்க் இதில் ஓடவே ஓடாது. அனலொகேட்டட் என்று முழுக்கக் கறுப்புக் கோடாக இருந்தால் பார்ட்டிஷன் பட்டியலே போயிருக்கிறது. இந்த இரண்டுக்கும் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி நல்ல கைமருந்து. அதை ஐந்தாவது படியில் எடுத்த நகலின்மேல் ஓட்டுங்கள், மூலத்தின்மேல் அல்ல. தப்பு நடந்தாலும் இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

நாட் இனிஷியலைஸ்டு என்று சொல்லி, அளவையும் தப்பாகவோ பூஜ்யமாகவோ காட்டினால் சர்க்யூட் போர்டு அல்லது டிஸ்கை இயக்க உள்ளிருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் பிரச்சினை. அங்கே இனிஷியலைஸ் அழுத்துவதில் ஒரு லாபமும் இல்லை.

7. இப்போது செக்டிஸ்க்

தரவு வெளியே வந்தாயிற்று. இனி தைரியமாகப் பழுது பார்க்கலாம். டிரைவின்மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போனால் சாதாரணச் சோதனை நடக்கும். பல நேரம் அதுவே போதும்.

கட்டளையாகக் கொடுப்பவர்களுக்கு இரண்டு ஸ்விட்ச்கள் முக்கியம். ‘எஃப்’ என்பது ஃபைல் அட்டவணையில் உள்ள குளறுபடியை மட்டும் சரிசெய்யும். கரண்ட் கட், சொல்லாமல் பிடுங்கிய பென் டிரைவ் போன்றவற்றால் வந்த கோளாறுக்கு இது பொருத்தம், சீக்கிரமும் முடியும். ‘ஆர்’ என்பது அதோடு டிஸ்கின் ஒவ்வொரு செக்டரையும் படித்துப் பார்க்கும். 1 டிபி டிஸ்கில் பல மணி நேரம் ஆகும், கெட்ட டிஸ்கில் நாள்கணக்கிலும் இழுக்கும்.

காப்பி எடுக்காத, சாகக் கிடக்கும் டிஸ்கில் ‘ஆர்’ கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. படிக்க முடியாத செக்டர்களில் அது திரும்பத் திரும்ப முட்டும், கிடைக்காதவற்றைக் கெட்டது என்று குறித்து அந்த ஃபைலையே பாதியாக்கும். வேலை முடிந்தபின் டிரைவில் ஃபவுண்ட்.000 என்று ஒரு மறைந்த ஃபோல்டர் முளைத்திருந்தால், எந்த ஃபைலுக்குச் சொந்தம் என்று தெரியாத துண்டுகளை அதில் போட்டுவைத்திருக்கிறது.

8. ஃபார்மேட் செய்து மறுபடி பயன்படுத்தலாமா?

க்விக் ஃபார்மேட் ஃபைல் அட்டவணையை மட்டும் புதிதாக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்தால் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதிச் சோதிக்கும். சந்தேகமான ஹார்ட் டிஸ்குக்கு இதுதான் நேர்மையான பரீட்சை. முடிந்ததும் ஸ்மார்ட் அட்டவணையைத் திறந்து பாருங்கள். சி5 பூஜ்யத்துக்கு இறங்கி, 05 ஏறாமல் இருந்தால் அவ்வளவு முக்கியமில்லாத ஃபைல்களுக்கு வைத்துக்கொள்ளலாம். 05 தாவியிருந்தால் விட்டுவிடுங்கள். வாரன்டி இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.

எஸ்எஸ்டிக்கு முழு ஃபார்மேட் தேவையில்லை, வீணாக எழுதித் தேய்ப்பதுதான் மிச்சம்.

2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் பார்ட்டிஷன் பட்டியல் முறையாக ஜிபிடி தேர்ந்தெடுங்கள். பழைய எம்பிஆர் முறையில் 2 டிபிக்கு மேல் இருக்கும் இடம் சும்மா கிடக்கும். ஃபைல் சிஸ்டத்தில் விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ், மேக்கும் சேர்ந்தால் எக்ஸ்ஃபேட். பழைய டிவியில் செருக ஃபேட்32 வேண்டியிருக்கலாம், ஆனால் அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. ‘இடம் இருக்கிறது, ஆனால் படம் காப்பி ஆகவில்லை’ என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

புது 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று தெரிந்தால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது. ஆனால் நம்ப முடியாத விலைக்கு வாங்கிய 2 டிபி பென் டிரைவை, உண்மையான அளவைக் கண்டுபிடிக்கும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளைப் போட்டுச் சோதிக்காமல் விடாதீர்கள். அளவைப் பொய்யாகச் சொல்லும்படி மாற்றிய போலிகள் நிறைய உண்டு.

9. எஸ்எஸ்டிக்கு மாறும்போது

எம்.2 எஸ்எஸ்டி (சிறு பட்டை வடிவில் இருப்பது) வாங்கும் முன் உங்கள் மதர்போர்டு அல்லது லேப்டாப்பின் எம்.2 ஸ்லாட் சாட்டாவா என்விஎம்இயா என்று கையேட்டில் பாருங்கள். உருவம் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றில் மற்றது ஓடாமல் போகலாம்.

நல்ல டிஸ்கை மட்டுமே க்ளோன் செய்யுங்கள். படிக்க முடியாத செக்டர் உள்ள டிஸ்கிலிருந்து விண்டோஸையும் சேர்த்துக் கொண்டுபோனால் குறையும் கூடவே குடிவரும். அங்கே புதிதாக விண்டோஸ் ஏற்றி, ஃபைல்களை மட்டும் கொண்டுபோவதே மேல்.

க்ளோன் முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு முதல் தடவை பூட் செய்யுங்கள். இரண்டும் இருந்தால் எதிலிருந்து ஓடுகிறது என்றே குழப்பம் வரும். ஓரிரு வாரம் புதியது ஒழுங்காக ஓடும்வரை பழையதை அழிக்க வேண்டாம்.

பெரிய டிஸ்குக்கு மாறியும் சி டிரைவ் பழைய அளவிலேயே இருக்கும், அதைப் பெரிதாக்க டிஸ்க் மேனேஜ்மென்டில் இருக்கும் எக்ஸ்டெண்ட் வால்யூம் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடக்கும். சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவே ரிகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். ஒட்டி வலப்பக்கம் இருக்கும் இடத்தைத்தான் விண்டோஸால் சேர்க்க முடியும். ரிகவரி பார்ட்டிஷனைக் கடைசிக்கு நகர்த்தும் பார்ட்டிஷன் கருவி ஒன்றைப் பயன்படுத்துங்கள், எரிச்சலில் அழித்துவிடாதீர்கள்.

10. பழைய டிஸ்கை வெளியே அனுப்பும் முன்

ஓடும் ஹார்ட் டிஸ்கை விற்பதானால் முழு ஃபார்மேட் ஒரு முறை போதும். எஸ்எஸ்டியில் தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளில் இருக்கும் செக்யூர் எரேஸ்தான் சரியான வழி. சாதாரணமாக மேலே எழுதினால் உள்ளே ஒளிந்திருக்கும் உபரி இடங்களில் பழையது தங்கிவிடும்.

எழுதவே முடியாத செத்த ஹார்ட் டிஸ்கைத் தட்டு வழியாக டிரில்லால் துளையிட்டு மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் டிஸ்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது, துளை விழும்போது தூளாகச் சிதறும்.